பக்கம் மூட ஒரு மணி நேரம்: ஒரு சிறுகதையைப் பழுதுபார்த்த பதிவு

கையில் இருந்த வரைவு சுமார் 2,600 சொற்கள். நாயகி வாசுகி, செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் இரவுப் பணியில் புரூஃப் (அச்சுக்கு முன் பிழை பார்க்கும் தாள்) பார்ப்பவள். பக்கங்களைப் படிக்கிறாள், பிழைகளைக் குறிக்கிறாள், சன்னலுக்கு வெளியே பார்க்கிறாள், பல வருடங்களுக்கு முன் பிரிந்து வந்த அப்பாவை நினைக்கிறாள். கடைசிப் பத்தியில் ஓர் இரங்கல் விளம்பரத்தின் புரூஃப் மேசைக்கு வருகிறது. அதில் இருப்பது அவளுடைய அப்பாவின் படம். 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறாள். கதை முடிகிறது.

படித்த நண்பர்கள் நடையைப் பாராட்டினார்கள். சன்னல் வர்ணனை பிடித்திருந்தது என்று ஒருவர் சொன்னார். பாதியில் நிறுத்தி, மறுநாள் எடுத்துப் படித்து முடித்ததாக இன்னொருவர் சொன்னார். எனக்கு அந்த இரண்டாவது செய்திதான் முக்கியமாகப் பட்டது. ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடிய அளவுள்ள கதையை ஒருவரால் பாதியில் கீழே வைக்க முடிகிறது என்றால், அந்த இடத்தில் கதை அவரைப் பிடித்திருக்கவில்லை. வாசுகியின் மேல் எனக்கு அக்கறை உண்டு. அவளை அப்படி நடுவில் விட்டுவிட்டுப் போக முடியாதபடி அந்தக் கதையை எழுத வேண்டும் என்று வரைவைப் பிரித்தேன். பிரித்ததும் மறுபடி பூட்டியதும் கீழே.

பிரித்துப் பார்த்தது

முதல் வேலை, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ஒரு வரி எழுதுவது: இந்தப் பத்தி முடியும்போது எது மாறியிருக்கிறது? உணர்ச்சி ஆழப்படுகிறது, சூழல் தெரிகிறது என்ற பதில்கள் செல்லாது என்று எனக்கு நானே விதி வைத்துக்கொண்டேன். ஒருவருக்கு முன்பு தெரியாதது இப்போது தெரிய வேண்டும், அல்லது முன்பு முடிந்தது இப்போது முடியாமல் போக வேண்டும். இருபத்திரண்டு பத்திகளில் மூன்றில் மட்டுமே அப்படி எதுவும் எழுத முடிந்தது. அந்த மூன்றும் கடைசிப் பக்கத்தில் இருந்தன.

அடுத்து, அந்த ஓர வரிகளுக்கு இடையே ஓர் இணைப்புச் சொல் போட்டுப் பார்த்தேன். 'பிறகு', 'அதனால்', 'ஆனால்' என்ற மூன்றில் எது பொருந்துகிறது? அவள் சன்னலைப் பார்த்தாள், பிறகு விளையாட்டுப் பக்கம் வந்தது, பிறகு அப்பா நினைவு வந்தது. எல்லா இடத்திலும் 'பிறகு'. 'பிறகு' நிறைந்த கதையில் பத்திகளை இடம் மாற்றினாலும் ஒன்றும் கெடாது. மாற்றியும் பார்த்தேன், உண்மையிலேயே கெடவில்லை.

ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபார்ஸ்டர் 1927-இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகளில் சொன்ன அரசன்-அரசி உதாரணத்தை இந்த இடத்தில் எல்லோரும் எடுப்பார்கள். அரசன் இறந்தான், பிறகு அரசி இறந்தாள் என்றால் அது கதை. அரசன் இறந்த துயரத்தில் அரசி இறந்தாள் என்றால் அது கதைப்பின்னல். காரணம் வந்து சேரும்போது பின்னல் பிறக்கிறது என்பது சரி. என் வரைவுக்கு அது பாதி மருந்துதான். துயரத்தால் இறக்கும் அரசி இந்த மாதம் இறக்கலாம், அடுத்த வருடமும் இறக்கலாம். காரணம் பத்திகளைக் கோத்துக் கொடுக்கும். வாசகர் அடுத்த பத்திக்கு ஓட வேண்டும் என்பதற்கு வேறொன்றும் தேவைப்படுகிறது. அது என்ன என்று தேடியதுதான் மீதி வேலை முழுவதும்.

அவளுக்கு என்ன வேண்டும்

ஒரு தாளில் இந்தக் கேள்வியை எழுதி, கீழே பதில்களை அடுக்கினேன். அமைதி. மன்னிப்பு. அப்பாவின் அன்பு. எல்லாமே உண்மை, எல்லாமே பயனற்றவை. இன்றிரவு அவள் எழுந்து போய்ச் செய்யக்கூடிய எதுவும் அவற்றில் இல்லை. பக்கத்து மேசையில் இருப்பவர் பார்த்து, அவள் நினைத்தது கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை என்று சொல்ல முடிய வேண்டும். விருப்பம் அந்த அளவுக்குக் கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருந்தால்தான் கதை அதைச் சுற்றி நகரும்.

அப்போதுதான் விளம்பரத்தையே மறுபடி எழுதிப் பார்க்கத் தோன்றியது. முதல் வரைவில் 'இரங்கல் விளம்பரம்' என்று மட்டும் இருந்தது. இப்போது அதை அச்சில் வருவதுபோல் வரி வரியாக எழுதினேன்: பெயர், பிறந்த தேதி, மறைந்த தேதி, இறுதிச் சடங்கு நேரம், 'கண்ணீருடன்' என்ற சொல், கீழே பிள்ளைகளின் பெயர்கள். அண்ணன் பெயர் எழுதினேன், தம்பி பெயர் எழுதினேன், நிறுத்தினேன். வாசுகியின் பெயரை அந்தக் குடும்பம் போட்டிருக்காது.

அவளுக்கு என்ன வேண்டும் என்பது அந்த நொடியில் தெரிந்தது. அந்தப் பட்டியலில் தன் பெயர் வேண்டும். அவள் கையில் சிவப்புப் பேனா இருக்கிறது. மெய்யாகவே உடல் சிலிர்த்தது எனக்கு. கதையில் முன்பே இருந்த இரண்டு பொருள்கள், பேனாவும் விளம்பரமும், அதுவரை ஒன்றையொன்று பார்க்காமல் கிடந்திருக்கின்றன.

இதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. கடைசிப் பத்தியில் வைத்திருந்த திருப்பம், 'படத்தில் இருப்பவர் அவளுடைய அப்பா' என்ற செய்தி, இரண்டாவது பத்திக்கு வந்தாக வேண்டும். அதை விட மனம் வரவில்லைதான். ஆனால் கதை முழுக்க வாசுகியின் கண் வழியாகப் போகிறது. அவளுக்குத் தெரிந்ததை வாசகரிடமிருந்து மறைத்து வைத்துக் கடைசியில் காட்டுவது நேர்மையான ஆட்டமில்லை என்பது என் உறுதியான கருத்து. திகில் பட இயக்குநர் ஹிட்ச்காக், 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்கு அளித்த நேர்காணலில் இதற்குக் கணக்கே போட்டுக் காட்டியிருக்கிறார். மேசைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது தெரியாமல் இருந்து வெடித்தால் பார்வையாளருக்குப் பதினைந்து நொடி அதிர்ச்சி. குண்டு இருப்பதும் அது எத்தனை மணிக்கு வெடிக்கும் என்பதும் முன்கூட்டியே தெரிந்தால், மேசையில் நடக்கும் சாதாரணப் பேச்சுகூடப் பதினைந்து நிமிடப் பதற்றம். என் கதையில் குண்டு இல்லை, புரூஃப் தாள்தான் இருக்கிறது. கணக்கு மாறவில்லை. அப்பாவின் படத்தை முன்னால் வைத்ததும், அதுவரை உயிரில்லாமல் கிடந்த விளையாட்டுப் பக்க உரையாடல்கூடத் துடிக்கத் தொடங்கியது; வாசுகியின் பார்வை எந்தத் தாளில் இருக்கிறது என்பது வாசகருக்கு இப்போது தெரியும்.

கெடு

முதல் வரைவிலும் இரவு இருந்தது. நமக்குப் பொழுது புதிதில்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றே வைக்கிறது. முல்லைக்கு மாலை, குறிஞ்சிக்கு யாமம். மாலை என்று சொன்னாலே காத்திருப்பு வந்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் நானும் இரவை எழுதியிருந்தேன், உணர்ச்சிக்கு நிறம் கொடுக்கும் பொழுதாக. இந்தக் கதைக்கு அதற்கு மேல் ஒன்று தேவைப்பட்டது: கெடு.

பக்கம் இரவு பன்னிரண்டு மணிக்கு மூடப்படும். அதன் பிறகு பிளேட், அதாவது அச்சுத் தகடு, எடுக்கப் போய்விடும். பிளேட் ஏறி இயந்திரம் ஓடினால் அந்தத் தாளை உலகத்தில் யாராலும் திரும்பப் பெற முடியாது. புரூஃப் அவள் மேசைக்கு வருவது பதினொரு மணிக்கு. ஆக, ஒரு மணி நேரம்.

கெடுவைப் பொருத்தும்போது சில விஷயங்கள் கைக்குத் தெரிந்தன. அது பாத்திரத்தின் கட்டுப்பாட்டில் இருக்கக் கூடாது. 'இன்றிரவுக்குள் முடிவெடுப்பேன்' என்று வாசுகி தனக்குத் தானே விதித்துக்கொண்டால் அதை அவளே நாளைக்குத் தள்ளலாம், வாசகருக்கும் அது தெரியும். பக்கம் மூடும் நேரமோ அலுவலகத்தினுடையது, அவளுடைய துக்கம் அதற்குத் தெரியாது. இரண்டாவது, கெடு தாண்டினால் திரும்ப முடியாத ஏதோ ஒன்று நடந்தாக வேண்டும். அச்சு அதற்குப் பொருத்தமானது. மூன்றாவது, கெடுவைச் சீக்கிரம் சொல்லிவிட வேண்டும். முதல் பத்தியின் மூன்றாவது வாக்கியத்தில் வைத்தேன்.

ஒவ்வொரு காட்சிக்கும் மேலே '11.10', '11.25' என்று நேரத்தைத் தலைப்பாகப் போட்டும் பார்த்தேன். அப்படிச் செய்தால் வாசகரின் கண் எண்களில் நிற்கிறது, வாசுகியிடம் நிற்பதில்லை. தலைப்புகளை நீக்கிவிட்டு, நேரம் குறைவதை வேறு மனிதர்கள் மூலம் வர வைத்தேன். முதலில் பக்க வடிவமைப்பாளர் வந்து "எட்டாம் பக்கம் முடிந்ததா?" என்று சாதாரணமாகக் கேட்கிறார். அடுத்த முறை பக்கத்தில் வந்து நிற்கிறார், கேட்கவில்லை. கடைசியில் தன் கணினிக்கு முன் உட்கார்ந்தபடியே கையை நீட்டுகிறார். அதற்குள் கீழ்த்தளத்தில் இயந்திரத்தைச் சோதித்து ஓட்டும் அதிர்வு தரையில் தெரிகிறது. கடிகாரம் என்ற சொல் இப்போது கதையில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது.

வழிகளின் கணக்கு

இந்தப் பழுதுபார்ப்பில் எனக்கு மிகவும் உதவியது இதுதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கெடு வந்த பிறகும் கதையின் நடுப்பகுதி தொய்ந்துதான் கிடந்தது. நேரம் ஓடுகிறது, வாசுகி பதறுகிறாள், மறுபடி நேரம் ஓடுகிறது, மறுபடி பதறுகிறாள். பதற்றத்தை எழுதினால் வாசகருக்குப் பதற்றம் வந்துவிடாது. அவள் முன்னால் என்னென்ன வழிகள் இருக்கின்றன என்று வாசகருக்குத் தெரிந்து, அவை ஒவ்வொன்றாக அடைபடுவதை அவர் பார்க்க வேண்டும். அவசரம் என்று நான் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான்: போகும் வழிகள் குறைந்துகொண்டே வருவது.

பதினொரு மணிக்கு வாசுகிக்கு ஐந்து வழிகள். விளம்பரப் பிரிவிடம் சொல்லி விளம்பரத்தை ஒரு நாள் தள்ளி வைக்கலாம். அண்ணனை அழைத்துப் பெயரைச் சேர்க்கச் சொல்லலாம். இரவுப் பொறுப்பாசிரியரிடம் கேட்கலாம். யாரிடமும் சொல்லாமல் தானே எழுதிச் சேர்த்துவிடலாம். எதுவும் செய்யாமல் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, காட்சிக்குக் காட்சி எது அடைபடுகிறது என்று குறித்துக்கொண்டேன். எந்த வழியும் அடைபடாத காட்சி இருந்தால் அந்தக் காட்சியை நீக்கினேன். சன்னல் வர்ணனை அப்படித்தான் போயிற்று. நல்ல வர்ணனை, வேறு கதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

விளம்பரப் பிரிவு இரண்டு வாக்கியத்தில் அடைபட்டது. விளக்கு அணைந்திருக்கிறது, எல்லோரும் எட்டு மணிக்கே போய்விடுவார்கள். இதற்கு மேல் அங்கே நிற்கத் தேவையில்லை.

அண்ணனை அழைக்கும் காட்சிதான் இப்போது கதையின் இதயம். எண் விளம்பரப் படிவத்திலேயே இருக்கிறது. முதலில் எழுதியபோது அவள் தன் பெயரைச் சொல்கிறாள், அண்ணன் கத்துகிறான், அவள் அழுகிறாள். எல்லாச் சண்டைக் காட்சிகளும் போலவே இருந்தது. அப்புறம் யோசித்தேன்: இத்தனை வருடங்களுக்குப் பிறகு அவன் அவள் குரலை அடையாளம் கண்டுகொள்வானா? கண்டுகொள்ளாவிட்டால்? பத்திரிகை அலுவலகத்திலிருந்து விவரம் சரிபார்க்க அழைக்கிறார்கள் என்றுதானே நினைப்பான்?

"பத்திரிகை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். விவரங்களை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்."

"சொல்லுங்கள் மேடம்."

"பிள்ளைகள் இரண்டு பேர்தானா?"

"ஆமாம் மேடம். இரண்டு பேர்தான்."

இதை எழுதி முடித்ததும் சற்று நேரம் எழுந்து நடந்தேன். அவன் கோபப்படவில்லை, பொய் சொல்கிறோம் என்ற தயக்கம்கூட இல்லை. அந்த 'மேடம்' அவளை வீட்டை விட்டு மறுபடி ஒருமுறை வெளியே அனுப்புகிறது. அண்ணன் வழியாகப் போகும் கதவு அடைபட்டது, அதை அடைத்தவனுக்கு அடைத்தது தெரியவே தெரியாது.

பொறுப்பாசிரியரின் காட்சியில் வேறு ஒன்றைக் கற்றேன். குறுக்கே நிற்பவர் நியாயமானவராக இருக்க வேண்டும். முதலில் அவரைக் கடுகடுப்பானவராக எழுதியிருந்தேன். கெட்டவர் மறுத்தால் வாசகர் கோபப்பட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். இப்போது அவர் அன்பானவர். "விளம்பரம் கொடுத்தவர் சொல்லாமல் அதில் ஓர் எழுத்தைக்கூடத் தொடக் கூடாது வாசுகி. துக்கத்தில் இருப்பவர்கள், நாளைக்கு நம்மிடம் வந்து நிற்பார்கள்" என்கிறார். அவர் சொல்வது சரி. அதோடு இன்னொரு பூட்டும் போட்டேன்: இறந்தவர் தன் அப்பா என்று அவள் சொன்னால், அவர் பதறிப்போய் உடனே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பக்கம் வேறொருவர் கைக்குப் போய்விடும். உண்மையைச் சொன்னால் ஆறுதல் கிடைக்கும், பேனா கையை விட்டுப் போகும். அவள் "சரி சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி வருகிறாள்.

மீதம் இரண்டு வழிகள். தானே சேர்ப்பது, அல்லது விடுவது. அங்கே வந்து சேரும்போது வாசகருக்கு எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

அப்பாவை எங்கே வைப்பது

பழைய வரைவில் அப்பாவின் நினைவு ஒரே மூச்சில் இரண்டு பக்கம். அது வரும் இடத்தில்தான் அந்த நண்பர் கீழே வைத்திருக்கிறார். நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

பின்னோக்குக் காட்சிகளை அடியோடு வெட்டச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்பா யார் என்று தெரியாவிட்டால் அந்தப் பட்டியலில் அவள் பெயர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? நினைவு வரலாம், வாசகர் கேட்ட பிறகு வர வேண்டும். அதனால் இரண்டு பக்கத்தையும் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று எழுதினேன். ஏன் பிரிந்தாள் என்ற கேள்வி, பட்டியலில் பெயர் இல்லை என்று தெரிந்தவுடன் எழும். அதற்கான பதிலை உடனே கொடுக்காமல் தொலைபேசி மணி அடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் வைத்தேன். காத்திருக்கும் நேரத்தில் நினைவு வருவது இயல்பு, மணி அடிப்பதால் கதையும் நின்றுவிடவில்லை.

கேள்வி எதுவும் இல்லாத துண்டுகளும் இருந்தன. அப்பாவின் குடை, அவர் நடக்கும் விதம், அவர் இருமல். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்: சிறு வயதில் அப்பாவின் படிவங்களை எல்லாம் வாசுகிதான் நிரப்புவாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுவாள். சான்றிதழில் அவர் பிறந்த ஆண்டு 1949. வீட்டுக்குள் மட்டும் "நிஜத்தில் நான் 46-இல் பிறந்தவன்" என்று சிரிப்பார். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும், வெளியில் யாருக்கும் தெரியாது. இது எந்தக் கேள்விக்குப் பதில் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வெட்ட மனமில்லாமல் ஓரத்தில் வைத்திருந்தேன்.

வாக்கியங்களில் கை வைத்தது

கட்டமைப்பு நின்ற பிறகு வாக்கியங்களுக்கு வந்தேன். பழைய வரைவிலிருந்து ஒரு மாதிரி:

"வாசுகி தொலைபேசியை எடுத்தபோது அவளுடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அண்ணனின் குரலைக் கேட்டு எத்தனை வருடங்கள் ஆகிவிட்டன என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்."

'கொண்டிருந்தாள்' எங்கே வந்தாலும் செயல் நடந்தபடியே கிடக்கிறது, முடிவதில்லை. முடியாத செயல் அடுத்த செயலைத் தள்ளாது. தேடிப் பார்த்தால் பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இருந்தன. புதிய வடிவம்:

"எண்களை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தான். யார் என்றான்."

'அவள்', 'அவன்' இல்லாமலே யார் செய்தது என்று வினைமுற்று சொல்லிவிடுகிறது. நம் மொழி தரும் இந்தச் சிக்கனத்தை அவசரமான இடங்களில் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

இதைக் கற்றதும் எல்லா வாக்கியங்களையும் குட்டையாக்கும் ஆசை வரும். ஒரு பக்கம் அப்படி எழுதி வாய்விட்டுப் படித்தேன், காது சலித்துப்போயிற்று. உச்சமான இடத்துக்கு நேர் எதிரானது தேவைப்பட்டது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால், வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால் முற்று வரும்வரை வாசகர் மூச்சை விட முடியாது:

"புரூஃபைத் தன் பக்கம் திருப்பி, பேனாவின் மூடியைக் கழற்றி, தம்பியின் பெயருக்குக் கீழே எஞ்சியிருந்த வெள்ளை இடத்தை நகத்தால் அளந்து, இன்னொரு வரி அங்கே கொள்ளாது என்று கண்டு, ஒவ்வொரு வரியாக மேலே ஏறி, பிறந்த ஆண்டில் நின்றாள்."

கதையிலேயே நீளமான வாக்கியம் இதுதான். இதற்கு முன்னும் பின்னும் சிறிய வாக்கியங்கள். ஒரு மணி நேரக் கதையில் கடைசி நான்கு நிமிடங்களுக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இடம் கொடுத்திருக்கிறேன். அவசரத்தைக் காட்ட வேண்டிய இடத்தில் கதையின் வேகத்தைக் குறைப்பது முரணாகத் தோன்றலாம். கெடு நெருங்கும்போது வாசகர் ஒவ்வொரு அசைவையும் பார்க்க விரும்புகிறார் என்பதை எழுதிப் பார்த்தபோது உணர்ந்தேன். அதற்கு ஈடாக, 11.15 முதல் 11.30 வரை நடந்ததை ஒரே வரியில் கடந்துவிட்டேன்.

இன்னொன்று 'விடு' என்ற துணைவினை. போய்விட்டது, மறந்துவிட்டாள், மூடிவிட்டான் என்று வரைவு முழுக்கச் சிதறிக் கிடந்தது. இனித் திரும்பாது என்ற அழுத்தம் அந்தச் சொல்லுக்கு உண்டு. கண்ட இடத்தில் செலவழித்தால் கடைசியில் அதற்குப் பலம் இருக்காது. முழுவதையும் களைந்து, ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் சேமித்து வைத்தேன். "பக்கம் போய்விட்டது."

முடிவு

பெயரைச் சேர்க்கிறாள் என்று ஒரு முடிவு எழுதினேன். நிறைவாக இருந்தது, ஆனால் நம்ப முடியவில்லை. ஒரு வரி கூடினால் வடிவமைப்பாளர் கேட்பார். விளம்பரத்தின் அளவு காசு கொடுத்து வாங்கியது, இன்னொரு வரியை எடுத்தால்தான் இடம் வரும். சேர்க்காமல் கையெழுத்துப் போடுகிறாள் என்று இன்னொரு முடிவு. அது பழைய வரைவின் முடிவேதான். அடைபட்ட மூன்று வழிகளும் வீணாகின்றன. அண்ணனை அலுவலகத்துக்கே வரவழைத்தும் பார்த்தேன். அவன் உள்ளே நுழைந்தவுடன் கதை அவனுடையதாகிவிட்டது.

மூன்றும் சரிவராமல், வழிகளின் தாளை மறுபடி எடுத்து வைத்து வேறொரு கேள்வி கேட்டேன். இந்தக் கட்டடத்தில் வாசுகிக்கு மட்டும் தெரிந்தது என்ன? ஓரத்தில் வைத்திருந்த படிவத் துண்டு அங்கே காத்திருந்தது. 1946.

உடனே தொலைபேசிக் காட்சிக்குத் திரும்பிப் போய் மூன்று வரி சேர்த்தேன். பிள்ளைகள் இரண்டு பேர்தான் என்று அவன் சொன்ன பிறகு, வைக்கப் போகிறவள், தன்னையறியாமல் கேட்கிறாள்: "பிறந்த ஆண்டு 49 தானா? 46 இல்லையே?" மறுமுனையில் ஓசை இல்லை. பிறகு அவன், இப்போது 'மேடம்' இல்லாமல், "49 தான். அப்படியே போடுங்கள்" என்று சொல்லி வைக்கிறான்.

கடைசி நிமிடத்தில் வாசுகி ஒரே ஓர் இலக்கத்தைத் திருத்துகிறாள். ஒன்பது ஆறாகிறது. வரி கூடவில்லை, இடம் தேவையில்லை, வடிவமைப்பாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தட்டச்சு செய்கிறார். பொறுப்பாசிரியர் ஓர் எழுத்தைக்கூடத் தொடாதே என்றார், அண்ணன் அப்படியே போடச் சொன்னான், இரண்டையும் மீறுகிறாள். காலையில் தாளைப் பார்த்ததும், தன்னிடம் பேசியது யார் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இருக்காது. அவன் புகார் கொடுத்தால் வேலை போகும். கொடுப்பானா என்பதைக் கதைக்குள் கொண்டுவர நான் முயலவில்லை. அவளுக்கு இருந்த ஒரு மணி நேரம் முடிந்தது, கதையும் அங்கேதான் முடிய வேண்டும்.

ஆறாவது வழி ஒன்று ஆரம்பத்திலிருந்தே இருந்திருக்கிறது. மற்ற வழிகள் அடைபடாமல் இருந்திருந்தால் அது அவள் கண்ணுக்கும் பட்டிருக்காது, என் கண்ணுக்கும் பட்டிருக்காது.

படிக்கக் கொடுத்தது

இந்த முறை 'எப்படி இருக்கிறது' என்று கேட்கவில்லை. அச்செடுத்த தாளில் மூன்று இடங்களில் கோடு போட்டு, அங்கே நிறுத்தி இரண்டு கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதச் சொன்னேன்: இப்போது என்ன நடக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள், எது நடந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள்? இரண்டுக்கும் பதில் வந்தால் அந்த இடம் வேலை செய்கிறது. இரண்டாவது கோட்டில் ஒருவர் முதல் கேள்விக்கு மட்டும் எழுதி, பயத்துக்குக் கீழே வெற்றிடம் விட்டிருந்தார். போய்ப் பார்த்தால், பொறுப்பாசிரியரிடம் உண்மையைச் சொன்னால் வீட்டுக்கு அனுப்பப்படுவாள் என்ற தகவல் அந்தக் கோட்டுக்குப் பிறகுதான் வந்தது. அதை முன்னால் நகர்த்தினேன்: பதினொரு மணிக்கு முன்பே, சக ஊழியர் ஒருவருக்கு வீட்டிலிருந்து மோசமான செய்தி வர, பொறுப்பாசிரியர் அவர் பக்கங்களைத் தானே வாங்கிக்கொண்டு அவரை அனுப்பிவைக்கிறார். இப்போது அவர் வாசுகியைப் பார்த்து "முகம் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது?" என்று கேட்கும்போதே வாசகருக்குப் பயம் வருகிறது.

கதை இப்போது 2,100 சொற்களில் நிற்கிறது. பழைய தலைப்பு 'மகள்'. விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவதால் 'பிழை திருத்தம்' என்று மாற்றினேன். வடிவமைப்பாளர் மட்டும் இன்னும் நேரத்தை அறிவிக்க வரும் ஆளாகவே இருக்கிறார். அவருக்கும் அந்த இரவில் சீக்கிரம் கிளம்ப ஒரு சொந்தக் காரணம் வேண்டும். அதுதான் அடுத்த வேலை.